உன் அத்தானுக்குப் பேச்சு வந்துவிட்டது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். அதில் அவருடைய நலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பதைத் தெரிவிக்கவும், அது சம்பந்தமாக உன்னிடம் ஓர் உதவி கேட்கவும்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போன் செய்தால் போதாதா என்று கேட்பாய். போன வாரம் செய்தேனே, மறந்துவிட்டாயா? நான் "நல்லா இருக்கியாப்பா" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து, "போன் காதுக்குப் போயிடுச்சு, எதிர்முனையில தம்பி, இதோ குறை சொல்ல ஆரம்பிக்கப் போறாங்க, ஆரம்பிச்சாச்சு!" என்று ஒரு குரல் முழங்கியது. நீகூட "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறை அக்கா" என்றாய். அது டிவி இல்லையப்பா. எங்கள் வீட்டு டிவியில் நாலைந்து மாதமாகச் சத்தமே வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான், எதையும் முதல் வரியிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். உனக்குத் தெரிந்ததும் இடையில் வரும், பொறுத்துக்கொள்.

உன் அத்தான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தே காலம் கழித்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ இருந்ததும், அதில் கால்பந்து வர்ணனை வந்தால் கடை முதலாளியே வந்து கூப்பிட்டாலும் இவருக்குக் காது கேட்காது என்பதும் தெரிந்திருக்கும். கல்யாணமான புதிதில் நாங்கள் போட்ட முதல் சண்டையே அறிவிப்பாளர்களைப் பற்றித்தான். அப்போது இரண்டு பேர் பிரபலம். ஒருவருக்கு இவர்கள் கடையில் வைத்திருந்த பெயர் 'வெண்கலத் தொண்டை'. இன்னொருவர் 'இருமல்காரர்'. எனக்கு வெண்கலத் தொண்டையைப் பிடிக்கும், அந்தக் குரலில் ரயில் அட்டவணையை வாசித்தாலும் உட்கார்ந்து கேட்கலாம். உன் அத்தானுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "குரலை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பந்து எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாரே! அரை மணி நேரமா வானத்தோட நிறத்தைப் பத்திப் பேசறாரு. இப்பதான் ரேடியோவைப் போட்டவன் யார் ஜெயிக்கிறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவான்?" என்பார். இருமல்காரருக்குக் குரல் என்று ஒன்றும் கிடையாது, ஆனால் அவர் பேசினால் மைதானம் கண்முன் விரியுமாம். கோல் விழப்போகிறது என்று தெரிந்ததும் மனிதருக்கு ஒரு இருமல் வருமாம், அந்த இருமலைக் கேட்டதும் கடையில் எல்லா இயந்திரமும் நின்றுவிடுமாம். "அவரு வாயால பேசலை, கண்ணால பேசறாரு" என்று உன் அத்தான் சொல்வார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

இப்படி வாய் ஓயாமல் பேசின மனிதர்தான் இந்த வருட ஆரம்பத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே குளியலறையில் சரிந்தார். மூளையில் ரத்த அடைப்பு. நீ ஓடி வந்தாய், ஒரு வாரம் இருந்தாய், வலது கை கொஞ்சம் தேறியதையும் பார்த்துவிட்டுத்தான் போனாய். ஆனால் நீ போன பிறகும் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் அதான், என் மேல் கோபம் வந்தாலும் அதான். நான் பதினான்கு விதமான அதானைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் இரண்டு முறை வருவாள், மிகவும் பொறுமைசாலி. குடைப் படம் போட்ட அட்டையைக் காட்டி "இது என்ன சார்?" என்பாள். இவர் குடையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், உதடு துடிக்கும், நெற்றி வியர்க்கும், கடைசியில் "அதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் போன பிறகு நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று நினைப்பு. உனக்கு அப்போது இதையெல்லாம் சொல்லவில்லை, நீயும் அங்கே அழுது என்ன ஆகப் போகிறது.

இப்போது டிவி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அலமாரிக்கு மேலே ஒட்டடை அடிக்கிறேன் என்று முக்காலியில் ஏறி, துடைப்பத்தின் கட்டையால் டிவியின் பின்பக்கம் ஒரு இடி இடித்துவிட்டேன். படம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது. போச்சு, இவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டோமே என்று முக்காலியிலேயே நிற்கிறேன். அப்போது சாய்வு நாற்காலியிலிருந்து, "இடது பக்கம்... ஏழாம் நம்பர்... பந்து அவர் கால்ல..." என்று ஒரு குரல். நான் டிவிதான் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். "ஒருத்தரைத் தாண்டறாரு... ரெண்டாவது ஆளையும் தாண்டறாரு... உள்ள அனுப்பறாரு..." திரும்பிப் பார்த்தால் உன் அத்தான்! கண் டிவியில் இருக்கிறது, வாய் தானாக ஓடுகிறது. அவர் பேசுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. நான் முக்காலியிலிருந்து இறங்கினால் எங்கே நின்றுவிடுமோ என்று பயந்து, மீதி ஆட்டம் முழுக்கத் துடைப்பமும் கையுமாக அதன் மேலேயே நின்றேன். இன்றுவரை அந்த டிவியைப் பழுதுபார்க்க நான் ஆள் கூப்பிடவில்லை.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் அவள் துள்ளிக் குதித்தாள். "சிலருக்குப் பாட்டா வரும், சிலருக்கு ஒண்ணு ரெண்டு எண்ணுறது மட்டும் வரும். சாருக்கு இது வருது. வர்ற வழியிலயே கூட்டிட்டுப் போவோம்மா. வீட்டுல நடக்கிறது எல்லாத்தையும் அவர் ஆட்டமா நினைச்சுச் சொல்லட்டும்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே இருப்பது நான்.

தம்பி, அன்றிலிருந்து எனக்கு இந்த வீட்டில் பெயர் நாலாம் நம்பர். ஏன் நாலு என்று கேட்டேன். "பின்னால நின்னுக்கிட்டு எல்லாத்தையும் தடுக்கிற ஆளு" என்றார். நான் அடுப்பைப் பற்றவைத்தால், "நாலாம் நம்பர் தீக்குச்சி எடுக்கிறாரு, முதல் முயற்சி வீண், ரெண்டாவதும் வீண், ரசிகர்கள் பொறுமை இழக்கிறாங்க." நான் கண்ணாடி முன்னால் தலை வாரினால், "ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகுது." அஞ்சலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், வரிசை நகரவில்லை. இவர் நின்ற இடத்திலிருந்தே, "மூணாவது கவுண்டர்ல ஆட்டம் ரொம்ப மந்தமா போயிட்டிருக்கு. அதிகாரி முத்திரையைத் தேடறாரு, இடது பக்கம் பார்க்கிறாரு, அங்க இல்லை, அய்யய்யோ, அது அவர் கையிலேயே இருக்கு!" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அதிகாரி முகம் சிவந்துபோய் ஐந்தே நிமிடத்தில் எல்லோரையும் அனுப்பிவைத்தார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனால் மாடி வீட்டு வக்கீலும் அவர் மனைவியும் படிக்கட்டில் நின்று சண்டை போட்டபோது, இவர் கதவைத் திறந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் பாதியில் அந்த அம்மாள் மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருப்பதாக அறிவித்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சண்டை அதோடு நின்றுவிட்டது. வக்கீல் மட்டும் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அவருக்கு மூன்றாவது புள்ளியில் ஆட்சேபணையாம்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு எதிர் மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். பேருந்துப் பணிமனை அணிக்கும் துணி ஆலை அணிக்கும். வழக்கமாக அங்கே மைக் பிடிப்பவர் ஒரு குழாய்க்கடைக்காரர். அவருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கோல் விழும் நேரத்தில் தன் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் குழாய்களின் சிறப்பைச் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்குக் காலையில் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப்போய்ப் படுத்துவிட்டார். பணிமனை அணியின் செயலாளர் ஒரு கண்டக்டர், அஞ்சலக வரிசையில் இவர் பேசியதை நேரில் கேட்டவர். நேராக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, சாரை ஒரு ரெண்டு மணி நேரம் அனுப்புங்க."

"அவருக்கு உடம்பு சரியில்லைப்பா. நடுவுல பேச்சு நின்னுட்டா அறுநூறு பேர் முன்னாடி அவமானமாப் போயிடும்."

உள்ளேயிருந்து, "ஒன்பதாம் நம்பர் சட்டையை மாத்திட்டாரு, செருப்பைத் தேடறாரு, நாலாம் நம்பர் வழியை மறிக்கிறாரு" என்று குரல் வந்தது. தன்னைத்தான் ஒன்பது என்று சொல்லிக்கொள்கிறார். நான் வழியை விட்டேன். விட்டுவிட்டுத் தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொண்டு கூடவே போனேன், மேடையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

முதல் பாதி முழுக்க உன் அத்தான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். பந்து யாரிடம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாம் சுத்தமாகச் சொன்னார். மைதானத்துக்கு வெளியே வண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர்கூடத் தராசைப் பிடித்தபடியே ஆட்டத்தைப் 'பார்த்தார்'. பணிமனை ஒரு கோல் போட்டு முன்னிலை. எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துபோயிற்று. அந்த நிம்மதியில் நான் கொஞ்சம் அசந்துவிட்டேன், அதுதான் என் தப்பு. இரண்டாவது பாதி ஆரம்பித்ததும் இவர் பணிமனையின் கோல்கீப்பரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பணிமனையில் டயர் மாட்டும் தொழிலாளி, போன வருடம் கண்ணாடி செய்துகொள்ளக் கடைக்கு வந்தவர். உன் அத்தானுக்கு முகம் மறந்தாலும் கண் மறக்காது.

"கோல்கீப்பர் நிதானமா நிக்கிறாரு. வலது கண் மைனஸ் ஒண்ணு, பரவாயில்லை. இடது கண் மைனஸ் மூணே கால். லென்ஸ் நானே தேய்ச்சுக் கொடுத்தேன், அருமையான லென்ஸ், ஆனா இன்னைக்குப் போட்டுக்கிட்டு வரலை."

ஒலிபெருக்கியில், தம்பி! எட்டுத் திசைக்கும் கேட்கிற மாதிரி! ஆலை அணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் ஐந்து பந்து வந்தது, ஐந்தும் எட்ட இருந்தே அடித்தது, ஐந்தும் அவருடைய இடது பக்கம். ஐந்தாவது உள்ளே போய்விட்டது. கண்டக்டர் மேடைக்குக் கீழே வந்து நின்று, "சார், நீங்க நம்ம ஆளா அவங்க ஆளா?" என்று அழாத குறையாகக் கேட்டார். "நான் அறிவிப்பாளர்" என்று இவர் பதில் சொன்னார், அதையும் மைக்கிலேயே சொன்னார்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஆறேழு நிமிடம்தான். ஜனங்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஆலை ஆள் ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். இவர் "வலது பக்கமா... வலது..." என்றார், நின்றுவிட்டார். திரும்ப வாயைத் திறந்தார். "அதான்." ஒலிபெருக்கி அதைத் திருப்பிச் சொன்னது. "அதான்... அதான்..." முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். குடைப் படத்தைப் பார்த்தபோது இருந்த அதே முகம். நெற்றியெல்லாம் வியர்வை. இப்போது இவரை இறக்கிக்கொண்டு போனால் இனிமேல் வாழ்நாளில் வாயே திறக்க மாட்டார் என்று மட்டும் தோன்றியது. மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"வணக்கம். நான் இவர் வீட்டுக்காரி பேசறேன்."

அறுநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்து ஓடிக்கொண்டிருக்கிறதே, என்ன செய்ய?

"மேற்படி பந்து இப்ப அந்த உயரமான தம்பிகிட்ட இருக்கு. அவர் அதை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டாரு. நல்ல மனசு. ஆனா வாங்கினவரு எதிரணியாம். நடுவர் விசில் ஊதறாரு, யாரோ என்னவோ தப்பு பண்ணியிருக்காங்க, விசாரிச்சுச் சொல்றேன். ஓரத்துல ஒருத்தர் கொடியைத் தூக்கறாரு, அவருக்கு என்ன வேணும்னு தெரியலை..."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் உன் அத்தான் நெளிந்தார். நான், "இப்ப மூலையில வச்சு அடிக்கிறாங்க, அதாவது கார்னர்..." என்றேன்.

"கார்னர் இல்லை!" என்று ஒரு சத்தம். "த்ரோ! அது த்ரோ! கையால எறியறது கூடவா தெரியலை?"

என் மேல் வந்த எரிச்சலில் மனிதருக்குச் சொல் திரும்பிவிட்டது. மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார். நான் முப்பத்தெட்டு வருடமாக அவரை எரிச்சல்படுத்தியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் ஒத்திகை போலிருக்கிறது. "த்ரோ எறிஞ்சாச்சு, பதினொண்ணாம் நம்பர், நெஞ்சுல வாங்கறாரு, கீழ விழ விடலை, திரும்பறாரு, அடிக்கிறாரு, கோல்!" அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டார். ஆலைக்காரர்கள் போட்ட கூச்சல் மட்டும் மைதானம் முழுக்க எழுந்து அடங்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. வெண்கலத் தொண்டையாக இருந்தால் அந்த இடத்தில் பத்து உவமை சொல்லியிருப்பார். வாயை எப்போது மூட வேண்டும் என்று தெரிந்தவர்தான் பேசத் தகுந்தவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தப் பாடத்தை அவர் வீட்டிலும் கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும்.

கூச்சல் அடங்கியதும் நிதானமாக, "ஆலை ரெண்டு, பணிமனை ஒண்ணு. இப்பதான் வந்தவங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன்..." என்றார். "வேண்டாம் சார், ஒரு தடவையே போதும்!" என்று பணிமனைக்காரர்கள் கத்தினார்கள். நம் பணிமனை அணி தோற்றதில் இவ்வளவு சந்தோஷமா என்று வழியெல்லாம் ஆளாளுக்குக் கேட்டார்கள். "நல்ல கோல்னா நல்ல கோல்தான், அது யார் கால்ல இருந்து வந்தா என்ன?" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

மறுநாள் காலை அந்த டயர் மாட்டும் கோல்கீப்பர் வாசலில் வந்து நின்றார். அடி விழப்போகிறது என்று நான் கதவைப் பாதிதான் திறந்தேன். அவர், "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது. விளையாடும்போது விழாத மாதிரி பட்டை வச்ச கண்ணாடி இருக்காமே, சார்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றார். உன் அத்தான் முழுசாகத் தேறாத வலது கையாலேயே பென்சிலைப் பிடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணாடியின் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். கோடு கோணல்மாணல்தான். ஆனால் எட்டு மாதத்தில் அந்தக் கை செய்த முதல் வேலை அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இவருக்கு அழைப்பு மேல் அழைப்பு. பள்ளிக்கூட விளையாட்டு விழா, சைக்கிள் பந்தயம், நேற்று ஒருவர் கேரம் போட்டிக்குக்கூடக் கேட்டுவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். வீட்டில் பயிற்சி என்ற பெயரில் விடிந்ததிலிருந்து என் மேல்தான் வர்ணனை. நான் குனிந்தால் செய்தி, நிமிர்ந்தால் செய்தி. ஆகவே உன்னிடம் என் கோரிக்கை இதுதான்: வருகிற மாதம் வந்து உன் அத்தானை உன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போ. இரண்டு மாதம் வைத்துக்கொள். உன் வீட்டில் ஆறு பேர் இருக்கிறீர்கள், அவருக்கு ஆட்டம் சூடாக இருக்கும். நான் இங்கே ஓர் அறுபது நாள், யாரும் அறிவிக்காமல், என் தலையை நானே வாரிக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாக விளையாடி, கண்ணாடி போடச் சொன்னால் மறுக்காமல் போட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். உன் முதுகுவலிக்குத் தலையணையை மாற்றிப் பார்.

என்றும் உன் நலம் கோரும்,
அக்கா

பி.கு.: மேற்படி கடிதத்தில் கண்ட கோரிக்கையை நான் முழுமையாக ரத்து செய்கிறேன். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தக் கண்டக்டர் வந்தார். மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் பள்ளி ஆசிரியைகளுக்கும் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கைப்பந்து ஆட்டமாம். "சாரை உள்ள போய்க் கூப்பிடறேன்" என்று எழுந்தேன். "சார் இல்லைம்மா, அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க. அன்னைக்குக் கொஞ்ச நேரம் பேசினீங்களே, அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சார் பக்கத்துல இருந்து திருத்தட்டும்" என்றார். உன் அத்தானுக்கு மூக்கு சிவக்கும் என்று பார்த்தேன். அவர் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தான் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, தெருவில் தெரிவதைச் சொல்லச் சொன்னார். நான் பால்காரர், நாய், வக்கீலின் கார், காயப்போட்ட போர்வை என்று தெருமுனைவரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா, நான் இன்னும் முதல் வீட்டு வாசல்லயே நிக்கிறேன்" என்றார்.

அதனால் நீ அவரைக் கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம், சனிக்கிழமை ஆட்டம் கேட்க வா. இந்த வரியை முடித்துவிட்டு நான் ஜன்னலுக்குப் போகிறேன், அவர் அந்த முதல் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்.